நாலாம் வகுப்புக் குதிரை

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே புளியமரத்தடியில் கூடியவர்கள் இவர்கள்: ஊர்ப் பெரியதனம் பார்க்கிற அம்பலம், அவருடைய மச்சினர், அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்து பூசையும் பார்க்கிற வேளார், எங்கள் ஹெட்மாஸ்டர், இரண்டாம் வாத்தியாரான நான். இவர்கள் போக, மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிற வழியில் என்ன ஏது என்று நின்றுவிட்ட ஆட்கள் சிலர். பெண்கள் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, வராமலும் போகாமலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். அவர் புதுக்கோட்டையில் இருந்தார், அடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். இன்னொருவன் வேளாரின் மகன், நாலாம் வகுப்பு. அவனை அவன் ஆத்தா வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள். அய்யனார் வந்திருந்தாரா இல்லையா என்பதைப் பற்றித்தான் பேச்சே.

பேச்சுக்குக் காரணமான பொருள் பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஒரு மண்குதிரை. என் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கைவேலைப் பாடத்தில் செய்தது. அதன் தலையை ஹெட்மாஸ்டரின் மேல்துண்டு மூடியிருந்தது. துண்டை எடுத்தால் அது எல்லோரையும் பார்க்கும் என்பதால் யாரும் எடுக்கவில்லை.

திருமயம் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் பள்ளிக்கூடத்தை நடத்தியது ஊரார்தான். பக்கத்து ஊர்ச் செட்டியார் ஒருவர் ஓட்டுக் கொட்டகை ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார். ஹெட்மாஸ்டர் சம்பளத்தில் பாதியும் என் சம்பளம் முழுவதும் புதுக்கோட்டைச் சமஸ்தானம் கொடுக்கிற கிராண்டுப் பணத்திலிருந்து வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எழுத்து என்று ஒன்று நுழைந்தது என்னோடுதான். என்னைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா உழவு மாட்டுச் சோடியில் ஒன்றை விற்றார். மிஞ்சிய ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு, சோடிக்கு இன்னொருவர் மாட்டை இரவல் கேட்டுக் கேட்டு உழுதுகொண்டிருந்தார். என் சம்பளம் நிரந்தரமாகிவிட்டால் ஒரு மாடு பிடித்துவிடலாம் என்பது வீட்டின் கணக்கு. வேலை போனால் நானே நுகத்தடியில் நிற்க வேண்டியதுதான் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வான். அது முழுக்க வேடிக்கை அல்ல.

வேலைக்கு ஆபத்து வந்தது சித்திரத்தால். இன்ஸ்பெக்டர் முந்தின தடவை வந்தபோது கணக்குக் கேட்டார், வாசிக்கச் சொன்னார், பாட்டுக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. "சித்திரமும் கைவேலையும் எங்கே?" என்றார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு தேசப்படமும் ஒரு பல்லியும் இருந்தன. "இரண்டாம் வாத்தியார் எதற்கு? பாடத்திட்டத்தில் இருக்கிறதைச் செய்வதற்குத்தானே? அடுத்த தடவை நான் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பள்ளிக்கு ஒரு வாத்தியார் போதும் என்று எழுதிவிடுவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர்.

மறுநாளிலிருந்து சித்திரப் பாடம் நடத்தினேன். யுத்த காலம்; எழுதவே தாள் கிடைக்காதபோது படம் போடுவதற்கு எங்கே போவது? பயிற்சிப் பள்ளியில் கொடுத்த புத்தகத்தில் முதல் பாடம் ஆரஞ்சுப் பழம், இரண்டாம் பாடம் மேஜை. பிள்ளைகள் ஆரஞ்சைக் கண்டதில்லை. மேஜை பள்ளிக்கூடத்திலேயே ஒன்றுதான்; அதன் நாலாவது கால் செங்கல். அதையும் பார்த்தபடியே சிலேட்டில் போட்டார்கள், செங்கல் உட்பட.

பிறகு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் செம்மண் குழம்பில் தோய்த்து அச்சுக் குத்தச் சொன்னேன். பூப் பூவாக விழுந்தது. சுவர், சிலேட்டு, சட்டை, சட்டை போடாதவன் முதுகு, எல்லாவற்றிலும் விழுந்தது. மறுநாள் ஒரு பையனின் தாய் வந்து வாசலில் நின்றாள்.

"ஏன் சார், கொழம்புக்கு வச்சிருந்த காய எடுத்துட்டு வந்து இவன் முதுகுல பூப்போடவா பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனேன்?"

"அது பாடம்மா. சித்திரப் பாடம்."

"பாடத்தக் கொழம்புல போட முடியுமா? எடுத்துட்டு வந்த காயக் குடுங்க, போறேன்."

புளியங்கொட்டையை அடுக்கிப் படம் செய்தோம். மயில் ஒன்று நன்றாக வந்தது. மத்தியானம் உள்ளே நுழைந்த ஆடு ஒன்று மயிலைக் கலைத்துப் பாதியைத் தின்றுவிட்டுப் போயிற்று. இன்ஸ்பெக்டர் வரும்வரை நிற்கக்கூடியதாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. காசில்லாமல் கிடைப்பது மண்தான். கண்மாயில் தண்ணீர் அடி மட்டத்துக்குப் போயிருந்த கோடை அது. கரையோரம் களிமண் வெடித்துக் கிடந்தது.

"நாளைக்கு ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டாங்க. நீங்க பார்த்த பொருள் எதுவானாலும் செய்யலாம்" என்றேன்.

"என்ன வேணும்னாலுமா சார்?"

"என்ன வேணும்னாலும்."

எல்லோரும் குதிரை என்றார்கள். ஒருத்தன்கூட மாறிச் சொல்லவில்லை. உயிருள்ள குதிரையை அவர்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை. திருமயத்தில் இரண்டு ஜட்கா வண்டிகள் உண்டு, அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு மேற்கே அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கிற மண்குதிரைகளை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டாள் உயரம். பழையவை காது உடைந்து, கால் உடைந்து, செடி முளைத்து நிற்கும். மழை நல்லபடியாகப் பெய்கிற வருஷங்களில் ஊரார் புதுக்குதிரை செய்யச் சொல்லி, மேளத்தோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே நிறுத்துவார்கள். அதற்குப் புரவி எடுப்பு என்று பெயர். மழை பொய்த்துப் போனதால் சில வருஷங்களாக எடுப்பு நடக்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் மண்ணோடு வந்தார்கள். வேளார் மகன் மட்டும் தன் பிடி மண்ணை வெற்றிலையில் வைத்துக்கொண்டு வந்தான். கை அழுக்காகாமல் இருப்பதற்காக என்று நினைத்தேன். நல்ல பழக்கம் என்றுகூட அவனிடம் சொன்னேன்.

குதிரை வேலை அவன் கைக்குப் போய்விட்டது. உமி கொண்டா, மணல் கொண்டா என்று மற்றவர்களை விரட்டினான். கால்கள் நாலையும் குழல் குழலாகச் செய்து காயவிட்டான். "டேய், வயித்த இம்புட்டு ஊதாத, சினைக்குதிர ஆயிரும்" என்பான். பெண்பிள்ளைகள் கழுத்துக்கு மணியும் சேணத்துக்குப் பூ வேலையும் செய்தார்கள். கோலம் போட்ட விரல்கள், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிழலில் ஆறவிட்டு மறுபடி பூசி மறுபடி ஆறவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நின்னுச்சுன்னா ஒங்க வேலையும் நின்னுச்சு" என்றார். அது நின்றது.

கண்ணை மட்டும் வைக்கவில்லை. வர்ணம் பூசியபின் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் காவியும் நீலப்பொடியும் வாங்கத் திருமயம் போனேன். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ் அப்போது. மேட்டில் நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். நான் ஊர் திரும்பும்போது பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு கூட்டம் இருந்தது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். மத்தியானம் ஹெட்மாஸ்டர் முதல் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது, நாலாம் வகுப்பு கொல்லைப் பக்கம் கூடியிருக்கிறது. இரண்டு பையன்கள் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்திருக்கிறார்கள். வேளார் மகன் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, திரைக்குள்ளே போய், கரி மையால் குதிரைக்கு இரண்டு கண்ணும் எழுதியிருக்கிறான். எழுதி முடித்ததும் திரை விழுந்தது. பெண்பிள்ளைகள் குலவை போட்டார்கள். அந்தக் குலவை கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது. விறகுச் சுமையோடு போன ஒரு அம்மாள் சுமையை இறக்கிவிட்டு வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஹெட்மாஸ்டருக்குக் கடைசியாகத் தெரிந்தது. ஏதோ கல்யாணம் என்று நினைத்து ஏழாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

வெளியூர்க்காரருக்கு இதில் என்ன குற்றம் என்று தோன்றும். அந்த ஊரில் குதிரை என்றால் அப்படித்தான் செய்வது. முதலில் கோயில் வாசல் மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலையில் வைத்து, வேளாரிடம் கொடுக்க வேண்டும். அது பிடிமண். அதிலிருந்து குதிரை பிறக்கும். எல்லா வேலையும் முடிந்த பிறகு, புறப்படுகிற நாளில், வேளார் கண் திறப்பார். கண் திறக்கும்வரை அது மண். திறந்த பின் சாமியின் வாகனம். கூரைக்குக் கீழே வைத்திருக்கக் கூடாது, கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்யவில்லை, வம்புக்கும் செய்யவில்லை. குதிரை செய்யச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் செய்தார்கள்.

புளியமரத்தடியில் அம்பலம் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"ஏன் தம்பி, மாம்பழம் செய்யச் சொல்லியிருக்கக் கூடாதா? மாம்பழத்துக்குக் கண்ணு கெடையாதுல்ல."

புத்தகத்தில் மாம்பழமும் இருந்தது.

"சின்னப்புள்ளைக வெளையாட்டு. இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு" என்றார் மச்சினர். "சூளையில வேகாத மண்ணு, அது எப்படிக் குதிரையாகும்?"

வேளார் குறுக்கிட்டார். "வெந்தாச் சட்டி பானை. கண்ணத் தெறந்தாத்தான் குதிர" என்றார்.

"அப்பச் சூளையில வச்சு எடுத்துரு. வெந்தும் போச்சு, கண்ணும் இருக்கு."

"கண்ணத் தெறந்தவரை நெருப்புல தள்ளச் சொல்றீங்களா? நீங்க தள்ளுங்க. நான் அங்கிட்டு நிக்கிறேன்."

கிணற்றடியில் சிரிப்புக் கேட்டது. மச்சினர் விடவில்லை. "வேளாருக்கு என்ன, எடுப்பு நடந்தா நெல்லு, வேட்டி, ஆட்டுத் தல. மகன் பலே ஆளு, சின்ன வயசுலயே வீட்டுக்கு வரும்படி பாக்குறான்."

வேளார் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அம்பலத்தின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு நெல்லு வேணாங்க, வேட்டியும் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்கப்பன் கண் தெறந்தாரு, நான் தெறக்குறேன், எனக்கப்புறம் அவன். வேற புள்ள தெறந்திருந்தா வெளையாட்டும்பேன். எம் மகன் கை பட்டது கண்ணு இல்லேன்னு இன்னைக்கு நானே சொன்னேன்னா, நாளைக்கு நான் போனப்புறம் அவன் தெறக்குறதக் கண்ணுன்னு இந்த ஊரு ஒத்துக்கிருமா?"

ஒரு மாடு கழுத்தை ஆட்டி மணியடித்தது.

"பிடிமண்ணு?" என்றார் அம்பலம் கடைசியாக. "அது இல்லேல்ல? பிடிமண்ணு இல்லாம..."

பள்ளிக்கூடத்துச் சன்னலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமி அங்கிருந்தபடியே சத்தம் போட்டாள். "எடுத்தோம்! கோயில் வாசல்ல எடுத்தோம். வெத்தலையில வச்சு, அம்மன் காசும் வச்சு வேளார் மகன் கையில குடுத்தோம். சார் நல்ல பழக்கம்னு சொன்னாரு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்பலம் இரண்டு கையாலும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அப்புறம் என்ன? நாம வருசக்கணக்கா எடுக்கல. அய்யனாரு பள்ளிக்கொடத்துப் புள்ளைகளச் சொல்லி எடுத்துக்கிட்டாரு. வெள்ளிக்கெழம எடுப்பு."

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "ஐயா, திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாங்க. அதுவரைக்கும் இங்கேயே இருந்தால் நல்லது. அதைக் காட்டாட்டி என் வேலை போயிரும்."

அம்பலம் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். "தம்பி, ஒங்க கஷ்டம் தெரியுது. ஆனாப் பொறப்பட்டவரு ஒங்க இன்ஸ்பெட்டரு வந்து பாக்குற வரைக்கும் காத்திருப்பாரா? நீங்களே சொல்லுங்க."

அன்று இருட்டுவதற்குள் குதிரையைத் துண்டோடு தூக்கி வேளார் வீட்டு முன்னால் திறந்த திடலில் வைத்தார்கள்.

புதன்கிழமை நாலாம் வகுப்பைக் கூட்டி உட்காரவைத்தேன். வேளார் மகன் வரவில்லை. எடுப்பு முடிகிறவரை அவன் திடலை விட்டு நகரக்கூடாதாம்.

"இன்னொரு குதிரை செய்யலாமா?"

"செய்யலாம் சார். கண்ணு மட்டும் வெக்கமாட்டோம்."

"கண்ணு இல்லாமல் எப்படிடா குதிரை?"

"எங்கப்பா தோல உரிச்சிருவாரு சார்."

சன்னலில் தொங்கிய அதே சிறுமி எழுந்தாள். "காது வெப்போம் சார். மூக்கு வெப்போம். வேணும்னா பல்லுக்கூட வெப்போம்."

அப்படியே செய்தார்கள். வேளார் மகன் இல்லாததால் கால்கள் நிற்கவில்லை. ஆகவே குதிரை படுத்திருந்தது. கண்ணில்லாத குறையை ஈடுகட்ட வேண்டும் என்று பற்களில் ரொம்ப அக்கறை காட்டினார்கள். அரிசி மணிகளை வரிசையாகப் பதித்தார்கள். படுத்துக்கொண்டு, கண்ணை மறந்துவிட்டு, எதையோ பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது அது. எதற்கும் இருக்கட்டும் என்று மாம்பழங்களும் செய்யச் சொன்னேன். மாம்பழங்கள் நன்றாகவே வந்தன.

வெள்ளிக்கிழமை எடுப்பு நடந்தது. பழைய வழக்கப்படி மூங்கில் கட்டி எட்டுப் பேர் தூக்கவேண்டும் என்று அம்பலம் சொல்லிவிட்டார். ஒரு கையால் எடுத்துவிடக்கூடிய குதிரையை எட்டுப் பேர் தோளில் தூக்கினார்கள். உயரம் பார்த்து ஆள் பிடித்திருந்ததால் அது சாயாமல் போயிற்று. மேளம் முன்னால், நாலாம் வகுப்பு பின்னால். வேளார் மகன் வாய்க்கட்டோடு தகப்பனுக்குப் பக்கத்தில் நடந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். பாடத்தில் இருப்பதுபோல உடனே முன்னால் திரும்பிக்கொண்டான். கோயிலில் அந்தப் பெரிய குதிரைகளின் காலடியில் அதை நிறுத்தி மாலை போட்டார்கள். குட்டியைப் போல இருந்தது. கிடா வெட்டினார்கள், சோறு போட்டார்கள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

குதிரை கோயிலில் இருந்தாலும் இருக்கட்டும், இன்ஸ்பெக்டரை அங்கே அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிடலாம் என்று நானும் ஹெட்மாஸ்டரும் பேசிவைத்திருந்தோம். சனிக்கிழமை மத்தியானம் மேற்கே கறுத்தது. பிறகு பெய்தது. சில வருஷங்களாக அப்படி ஒரு கோடை மழையை அந்தப் பக்கம் பார்த்ததில்லை என்றார்கள். கண்மாய்க்கு ஓடை வழியாகத் தண்ணீர் வந்தது. ஆட்கள் மழையிலேயே தெருவில் நின்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் கொட்டகைக்குள் உட்கார்ந்து ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: அது சுடாத மண்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். கைவேலை கேட்டார். மாம்பழங்களைக் காட்டினோம், தலையசைத்தார். படுத்த குதிரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"இதற்கு ஏன் கண் இல்லை?"

ஒரு பையன் உடனே சொன்னான். "கண்ணு வச்சா எந்திரிச்சுக் கோயிலுக்குப் போயிரும் சார். மொதல்ல செஞ்சது அப்படித்தான் போயிருச்சு."

இன்ஸ்பெக்டர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். அவர் நம்பாமலும் இல்லை. "சரி, போய்ப் பார்த்துவிடுவோம்" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்பலமும் வேளாரும் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். பெரிய குதிரைகள் மழையில் கழுவிவிட்டதுபோல நின்றன. அவற்றின் காலடியில் ஒரு மண் குவியல் இருந்தது. அதன் மேல் மாலை கிடந்தது. கழுத்து மணி ஒன்று மட்டும் மணியாகவே இருந்தது.

"இதுவா?"

"இதுதாங்க" என்றார் அம்பலம்.

"குதிரை எங்கே?"

"பொறப்பட்டுப் போயிட்டாருங்க. போய்த்தானே மழையக் கொண்டாந்தாரு."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குவியலைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். "நான் நம்புகிறேன். ஆனால் எனக்கு மேலே இருக்கிறவர்களுக்கு இந்த மண்ணைக் காட்டிக் குதிரை என்று நான் எப்படி எழுதுவது?" என்றார். நியாயமான கேள்வி.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் பார்வைப் புத்தகத்தில் எழுதினார். ஹெட்மாஸ்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். மாம்பழங்கள் திருப்தி. குதிரையின் பற்கள் நன்று, கண்கள் விடுபட்டுள்ளன, பொருளை உற்றுப் பார்க்கும் பயிற்சி போதாது. இரண்டாம் வாத்தியார் பதவியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அடுத்த பார்வை வரை அதற்கான கிராண்டை நிறுத்திவைக்கலாம் என்று எழுதியிருந்தார். அடுத்த பார்வை மூன்று மாதம் கழித்து. மூன்று மாதம் சம்பளமில்லாமல் அந்த ஊரில் நான் எப்படி இருப்பது? வீட்டுக்கு என்ன எழுதுவது? எழுதினால்தான் யார் வாசிப்பது? அண்ணனிடம் நேரில் போய்ச் சொல்வதென்று முடிவு செய்து பெட்டியைக் கட்டினேன்.

ஹெட்மாஸ்டர் வந்து பெட்டியைப் பார்த்தார். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் அம்பலத்தோடும் வேளாரோடும் திரும்பி வந்தார்.

அம்பலம் என் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டார். "என்ன தம்பி, எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க? எடுப்புக் கணக்கு இன்னும் முடியலையே."

அம்பலம் வேளார் பக்கம் திரும்பினார்.

"வேளாரே, குதிர செஞ்ச கூலி வாங்குனீரா?"

"நான் செய்யலீங்களே. கண் தெறந்ததுக்கு எம் மகனுக்கு வேட்டி குடுத்தீங்க, வாங்கிக்கிட்டான். கூலி செஞ்சவுகளுக்கு."

"செஞ்சது யாரு?"

"நாலாம் வகுப்பு."

"நாலாம் வகுப்புக்குப் பொரிகடல குடுத்தாச்சு. செய்யச் சொல்லிக் கூட நின்னவரு யாரு?" என்று அம்பலம் என் பக்கம் கையைக் காட்டினார். "குதிர செஞ்ச கூலி குடுக்காம விட்டா, பேஞ்ச மழைக்கு என்ன மரியாத? செஞ்சவரு வயிறு காஞ்சா அந்தப் பாவம் ஊருக்கு. நிறுத்துன சம்பளத்த ஊரு குடுக்கும். அடுத்த தடவ இன்ஸ்பெட்டரு வரையில இருங்க. அதுக்குள்ள குதிர கிதிரன்னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க."

கோயில் செலவில் வாத்தியார் சம்பளம் வாங்கலாமா என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் போன பிறகு ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன்.

"சமஸ்தானத்துக் காசுல அடிச்சிருக்கிற உருவம் யாரு தம்பி?" என்றார்.

"அம்மன்."

"அப்ப எந்தக் காசு சாமி காசு இல்ல? வாங்கிப் பையில போட்டுட்டு, போய் மூணாம் வகுப்பப் பாருங்க. சத்தம் போடுறானுக."

போனேன். அந்த மூன்று மாதமும் சிலேட்டுச் சித்திரமும் பனையோலைப் பின்னலும் வாழையிலை அச்சும்தான். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது பின்னலைப் பார்த்தார், சரி என்றார், கிராண்ட் திரும்ப வந்தது. அவர் போன மறுநாள் அம்பலம் சாவடியில் உட்கார்ந்து எடுப்புக் கணக்கை ஊருக்கு ஒப்பித்தார். மேளம், மாலை, கிடா, அரிசி, வேட்டி, பொரிகடலை, என் மூன்று மாதச் சம்பளம். மண்ணுக்கும் மைக்கும் செலவில்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரியாகப் பிரித்து ஊர் கொடுத்தது மொத்தம் ஐம்பத்து மூன்று ரூபாய், ஏழணா, பதினோரு அம்மன் காசு.